கப் மலை இறங்க வேண்டும்: கையால் செய்த பீங்கானை விற்கத் தொடங்குவோருக்கு

கொடைக்கானலில் மண் வனையும் திருகை வைத்திருக்கும் எங்கள் எல்லோருக்கும் ஒரே தலைவலிதான். செய்வது இங்கே, வாங்குபவர் இருப்பது மதுரையிலோ சென்னையிலோ பெங்களூரிலோ. சந்தையில் விற்றாலும் சரி, போனில் விற்றாலும் சரி, அந்தக் கப் கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி, உடையாமல் அடிவாரத்து வத்தலக்குண்டு போய்ச் சேர வேண்டும். எதைச் செய்வது, என்ன விலை வைப்பது, எப்படிக் கட்டுவது என்ற மூன்றையும் நான் இந்த இறக்கத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறேன்.

வனையவும் சுடவும் ஓரளவு கற்றவர்களுக்கான பதிவு இது. மண் பிசைவதிலிருந்து தொடங்கப் போவதில்லை.

படி 1: விற்கும் தரம் வந்துவிட்டதா?

சூளையிலிருந்து எடுத்த கப்பில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, செய்தித்தாள் மேல் ஓர் இரவு வையுங்கள். காலையில் தாள் ஈரமாக இருந்தால் மண் முழுதாக இறுகவில்லை. சுட்டால் கல் போல இறுகும் ஸ்டோன்வேர் மண்ணுக்குப் பொதுவாக 1200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். உங்கள் மண்ணுக்கு எவ்வளவு என்பதை விற்றவரிடமே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது எலுமிச்சைச் சோதனை. ஒரு துண்டை கிளேஸின், அதாவது கப்பின் மேலிருக்கும் கண்ணாடி போன்ற பூச்சின் மேல் இரவு முழுக்க வைத்துவிட்டு எடுங்கள். அந்த இடம் மட்டும் மங்கியோ நிறம் மாறியோ இருந்தால் புளிக்குழம்பும் ஊறுகாயும் அந்தக் கிளேஸைத் தின்னும் என்று அர்த்தம். அதைப் பூச்சாடிக்கு வைத்துக்கொள்ளுங்கள், சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு வேண்டாம். ஈயம் கலந்த கிளேஸை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

கடைசியாக அடிப்பாகம். கப்பைத் தேக்கு மேசையில் இழுத்தால் கீறல் விழுகிறதா? உப்புத்தாளை நனைத்து ஒரு நிமிடம் தேய்த்தால் போதும். சந்தையில் விவரம் தெரிந்தவர்கள் கப்பைக் கையில் எடுத்ததும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பார்கள்.

படி 2: மூன்றே பொருள்

புதிதாக வருபவர்கள் இருபது வகை செய்துகொண்டு வந்து நிற்பார்கள். நானும் அப்படித்தான் நின்றேன். ஒவ்வொன்றிலும் இரண்டு இருக்கும். "இதே மாதிரி ஆறு கிடைக்குமா?" என்று கேட்டால் பதில் இருக்காது.

மூன்றைத் தேர்ந்தெடுத்து, கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்கு வாருங்கள். என் மூன்று: 250 மில்லி கப், கைக்குள் அடங்கும் சிறு கிண்ணம், சோப்புத் தட்டு. மூன்றும் சுற்றுலா வந்தவரின் தோள்பையில் துணிகளுக்கு நடுவே போய்விடும். அழகான பெரிய ஜாடியை எல்லோரும் ரசிப்பார்கள், படம் எடுப்பார்கள், வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு யார் இறங்குவது?

ஒரே அளவில் செய்ய, மண்ணை எடை போட்டு உருண்டை பிடியுங்கள். ஸ்டோன்வேர் காய்ந்து சுட்டு முடிவதற்குள் ஏறக்குறைய 10 முதல் 12 சதவீதம் சுருங்கும். திருகையில் 10 சென்டிமீட்டர் உயரத்தில் நின்ற கப், கைக்கு வரும்போது 9 சென்டிமீட்டரோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ இருக்கும்.

கார்த்திகை மாதத்து ஆர்டருக்குத் தேதி சொல்லும்போது கவனம். பிப்ரவரியில் நான்கு நாளில் காயும் கப், நவம்பர் மழையிலும் மூடுபனியிலும் எனக்குப் பன்னிரண்டு நாள் வரை எடுத்திருக்கிறது. அவசரப்பட்டு ஈரத்தோடு சூளையில் ஏற்றினால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி வெடிக்கும், பக்கத்தில் இருக்கும் நல்ல கப்பையும் சேர்த்துக் கெடுக்கும். கப்பைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் ஈரம் இன்னும் போகவில்லை.

படி 3: விலை

பக்கத்துக் கடைக்காரர் என்ன விலை என்று பார்த்து, அதில் ஐம்பது ரூபாய் குறைத்து வைப்பதுதான் பலரின் முறை. ஒரு வருடத்தில் சூளை மூடிக் கிடக்கும். நோட்டை எடுங்கள். என் ஒரு கப்பின் கணக்கு இது:

மண் 25 ரூபாய். கிளேஸ் 20. இரண்டு முறை சுடும் மின்சாரத்தில் இந்தக் கப்பின் பங்கு 60. என் உழைப்பு 45 நிமிடம், மணிக்கு 200 ரூபாய் என்றால் 150. ஆக 255.

இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள். பத்துக் கப் செய்தால் எட்டுதான் விற்கத் தேறுகிறது. அந்த எட்டும் பத்தின் செலவைச் சுமக்க வேண்டும். 255-ஐ 0.8 ஆல் வகுத்தால் 319. பெட்டியும் தாளும் 45. மொத்தம் 364.

நான் 650 ரூபாய் வைக்கிறேன். அதிகம் என்று தோன்றுகிறதா? கடையில் வைத்தால் 40 சதவீதம் கமிஷன் போய் 390 கிடைக்கும். கடைக்குப் பெட்டி தேவையில்லை என்பதால் மிச்சம் 71 ரூபாய். திருகை ரிப்பேரும், சூளைக் கம்பி அறுந்தால் மாற்றுவதும் அந்த 71-க்குள்தான் அடங்க வேண்டும்.

சந்தை, கடை, இணையம் மூன்றிலும் ஒரே விலை வையுங்கள். கூரியர் செலவை மட்டும் தனியாகக் காட்டுங்கள்.

படி 4: முதலில் சந்தை, பிறகு போன்

நேராக இன்ஸ்டாகிராமில் தொடங்காதீர்கள். சந்தையில் நான்கு மணி நேரம் நின்றால் தெரியவருவது, போனில் நான்கு மாதம் இருந்தாலும் தெரியாது. என் பழைய கப்பின் பிடியில் இரண்டு விரல்தான் நுழையும். எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. ஒரு பெரியவர் விரலை நுழைத்துப் பார்த்துவிட்டு, "பாப்பா, இது உனக்கு அளவெடுத்துச் செஞ்சதா?" என்றார். மறுநாளே பிடியை மாற்றினேன்.

ஏப்ரல், மே சீசனில் கூட்டம் அள்ளும். கோடை விழா நேரத்தில் பிரையண்ட் பூங்கா, ஏரிப் பக்கமெல்லாம் நிற்க இடம் இருக்காது. ஆனால் முதல் கடையைச் சீசனில் போடாதீர்கள். கூட்டம் குறைந்த ஒரு வார இறுதியில் பழகிக்கொள்ளுங்கள்.

மேசையில் எல்லாவற்றையும் படுக்க வைக்காமல், பழப்பெட்டிகளைக் கவிழ்த்து இரண்டு மூன்று உயரங்களில் அடுக்குங்கள். ஒவ்வொன்றிலும் விலை ஒட்டியிருக்க வேண்டும். விலை கேட்கக் கூச்சப்பட்டே பாதிப் பேர் நகர்ந்துவிடுவார்கள். விரிப்பைக் கீழே முடிச்சுப் போட்டுக் கட்டுங்கள். இந்த ஊர்க் காற்று ஒரு தடவை விரிப்பைத் தூக்கினால் அன்றைய வியாபாரம் அத்தோடு சரி. கூட்ட நாளில் நெட்வொர்க் படுத்துவிடும், அதனால் க்யூஆர் அட்டையோடு ஐம்பது, நூறு ரூபாய்ச் சில்லறையும் இருக்கட்டும். "தொடாதீர்கள்" என்ற பலகை மட்டும் வேண்டவே வேண்டாம். கையில் எடுக்காத கப்பை யாரும் வாங்கி நான் பார்த்ததில்லை.

படி 5: படம்

இதில் நாம் கொடுத்து வைத்தவர்கள். ஸ்டுடியோக்காரர்கள் வெளிச்சத்தை மென்மையாக்க வெள்ளைத் துணி கட்டுகிறார்கள், நமக்கு மூடுபனியே கட்டிவிடுகிறது. ஜன்னலோரம், பளிச்சென்ற வெயில் இல்லாத நேரம், ஒரு சாம்பல் நிறப் பலகை. போதும். முன்பக்கம், உள்பக்கம், அடிப்பாகம், கையில் பிடித்தபடி ஒன்று என நான்கு படம். அளவை மில்லியில் எழுதுங்கள். "மீடியம் சைஸ்" என்றால் சிலருக்கு டபராவும் சிலருக்குச் சொம்பும் ஞாபகம் வரும். படத்துக்கு வண்ணம் ஏற்றாதீர்கள், திரும்பி வரும். வாட்ஸ்அப் பிசினஸில் உள்ள கேட்டலாக் ஆரம்பத்துக்குத் தாராளம்.

படி 6: கட்டுவது

கப்புக்குள் தாளைக் கசக்கித் திணியுங்கள். பிடியின் ஓட்டைக்குள்ளும் திணியுங்கள், முதலில் உடைவது பிடிதான். பிறகு நெளி அட்டையால் இரண்டு சுற்று. சிறு பெட்டியில் வைத்து, அதை இன்னொரு பெட்டிக்குள் எல்லாப் பக்கமும் நான்கைந்து சென்டிமீட்டர் இடைவெளியோடு வைத்து, அந்த இடைவெளியையும் இறுக நிரப்புங்கள். காதருகே குலுக்கினால் சத்தமே வரக்கூடாது.

வைக்கோல் அழகாக இருக்கிறதே என்று ஒரு மழைக்காலத்தில் அதைப் போட்டு அனுப்பினேன். கப் உடையவில்லை, ஆனால் பெட்டியைத் திறந்தவர் பூஞ்சை நாற்றம் என்று படம் அனுப்பினார். இங்கே அட்டைப்பெட்டியே ஈரம் குடித்து நமத்துவிடும், டேப்பும் ஒட்டாது. பெட்டிகளைத் தரையில் வைக்காமல் பரணில், முடிந்தால் சூளை இருக்கும் அறையில் வையுங்கள். தமிழ்நாட்டில் 2019 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தடை இருக்கிறது, மலையில் கெடுபிடி இன்னும் அதிகம். தாளையும் அட்டையையும் வைத்தே கட்டப் பழகுவது நல்லது.

முதல் ஆர்டருக்கு முன், தேறாத ஒரு கப்பை இப்படிக் கட்டி இடுப்பு உயரத்திலிருந்து ஐந்து முறை கீழே போடுங்கள். ஒரு முறை மூலை தரையில் படும்படி. மனசு கேட்காது, இருந்தாலும் போடுங்கள்.

பெட்டியின் அளவுக்கும் காசு உண்டு. பல கூரியர்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுத்துக் கிலோக் கணக்குப் பார்க்கும். 25, 25, 20 என்றால் இரண்டரைக் கிலோ. உள்ளே இருப்பது 400 கிராம் கப்தான் என்றாலும் அந்த இரண்டரைக்குத்தான் பணம். ஆகவே பெட்டியை முதலில் வாங்கிவிட்டு, அதற்குள் அடங்கும்படி கப்பைச் செய்யுங்கள். என் கப்பின் உயரம் அப்படி வந்ததுதான்.

படி 7: காகித வேலை

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், பணம் கேட்டால் அது இடைத்தரகர். பொருள் மட்டும் விற்பவருக்கு வருட விற்பனை 40 லட்சம் தாண்டும் வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஆனால் வெளிமாநிலத்துக்கு அனுப்பவும் பெரிய இணையதளங்களில் விற்கவும் விதிகள் தனி. ஆடிட்டரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். கைவினைஞர்களுக்கு மத்திய அரசு தரும் பெஹ்சான் அடையாள அட்டைக்கும் விண்ணப்பித்து வையுங்கள், அரசுக் கண்காட்சிகளில் கடை கேட்கும்போது உதவும்.

உடைந்து போனால்

உடையும். உடைந்ததன் படத்தோடு பெட்டியின் படத்தையும் கேளுங்கள், வாக்குவாதம் செய்யாமல் வேறொன்றை அனுப்புங்கள். எந்தப் பெட்டி, எந்த ஊர், எந்த இடத்தில் விரிசல் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். என் நோட்டில் முதல் ஒன்பது உடைசலில் ஏழு பிடியில்தான். பிடியின் மேல் முனையை ஒட்டும் இடத்தில் விரல் நகம் அளவு மண் கூடுதலாக வைக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.