டர்பனில் வீட்டை இழக்கும் நிலை வந்தால்: அவசரத் தங்குமிடம் கேட்டுப் பெறும் வழி

2022 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெள்ளத்திற்குப் பின், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதிக் கூடம் ஒன்றில் போர்வை கொடுக்கும் வேலையில் இருந்தேன். அங்கே ஓர் ஆயா, பால் பையில் சுற்றி முந்தானையில் முடிந்து வைத்திருந்த அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். அவர் பெயர் அன்றே பதிவாயிற்று. பக்கத்துப் பாயில் இருந்த குடும்பமோ காகிதம் எதுவும் இல்லாமல் பல நாட்கள் அலைந்தது. வீடிழந்தவர் என்ன செய்ய வேண்டும் என்று நம்மவர்கள் கேட்கும்போதெல்லாம் அந்த இரண்டு பாய்களும்தான் என் கண்முன் வருகின்றன.

முதலில் மனத்தில் இருத்த வேண்டியது, தங்குமிடம் கேட்பது பிச்சை கேட்பதன்று என்பதே. நாட்டின் 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு, போதிய வீட்டுவசதி பெறும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. நீதிமன்ற ஆணையின்றி எவரையும் வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்றும் சொல்கிறது. தலைக்கு மேல் கூரையே இல்லாதவர்களுக்கு உடனடி உதவித் திட்டம் அரசிடம் இருந்தாக வேண்டும் என்று 2000ஆம் ஆண்டில் ஐரீன் குரூட்பூம் வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளியேற்றுபவர் தனியார் உரிமையாளராக இருந்தாலும், வேறு போக்கிடம் இல்லாதவர்களுக்குத் தற்காலிகத் தங்குமிடம் தரும் பொறுப்பிலிருந்து நகராட்சி விலக முடியாது என்பதை 2011இல் புளூ மூன்லைட் வழக்கு உறுதிசெய்தது.

இரண்டாவது படி, நீதிமன்ற ஆணை வராமல் வீட்டைக் காலி செய்யாதிருப்பது. வாடகை பாக்கி என்பதற்காக உரிமையாளர் பூட்டை மாற்றுவதும் மின்சாரத்தைத் துண்டிப்பதும் சட்டவிரோதம். அப்படி நடந்தால் வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்தில் கட்டணமின்றிப் புகார் தரலாம். சட்டவிரோத வெளியேற்றத்தைத் தடுக்கும் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வெளியேற்ற வழக்கின் அறிவிப்பு விசாரணைக்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன்பே உங்களுக்கும் நகராட்சிக்கும் கிடைத்திருக்க வேண்டும். விசாரணை நாளில் தவறாமல் நேரில் செல்லுங்கள். முதியோர், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பெண்களைத் தலைவியாகக் கொண்ட குடும்பங்கள் ஆகியோரின் தேவைகளை நீதிபதி கருத்தில் கொள்ள வேண்டும் என்று அந்தச் சட்டமே கூறுவதால், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், வருமானம் எவ்வளவு, போக வேறு இடம் உண்டா என்பதை ஒளிக்காமல் எடுத்துச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு வாய்மூடி நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மௌனம் அவர்களுக்கு எதிராகவே போயிற்று. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையென்றால் ஏழைகளுக்குச் சட்ட உதவி தரும் அரசு அமைப்பான லீகல் எய்ட் சவுத் ஆப்பிரிக்காவின் 0800 110 110 என்ற இலவச எண்ணை அழையுங்கள்.

மூன்றாவது படி காகிதங்கள். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வாடகை ரசீது, மருந்துச்சீட்டு ஆகியவற்றைப் படமெடுத்து உறவினர் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். எல்லாம் வெள்ளத்திலோ தீயிலோ போய்விட்டால் அருகிலுள்ள காவல் நிலையத்திற்குச் சென்று, நடந்ததை விவரிக்கும் பிரமாணப் பத்திரம் எழுதிக் கையெழுத்திடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

நான்காவது படிதான் பலர் கோட்டைவிடும் இடம். வார்டு கவுன்சிலரிடம் வாயால் சொல்லிவிட்டு வந்தால் போதாது. பெயர்கள், வயது, நோய், வீடு போன நாள், இன்றிரவு படுக்க இடமில்லை என்ற உண்மை ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி நகராட்சியின் வீட்டுவசதி அலுவலகத்தில் கொடுத்து, நகலில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். பின்னாளில் நீங்கள் கேட்கவே இல்லை என்று யாரேனும் சொன்னால், அந்த முத்திரைதான் உங்கள் பக்கம் பேசும். உணவுக்கு வழியில்லாதவர்கள் அரசு உதவித்தொகை வழங்கும் முகமையான சாசாவின் அலுவலகத்தில் இடர்கால சமூக நிவாரணத்திற்கும் அதே வாரத்தில் விண்ணப்பிப்பது நல்லது.

இடம் கிடைத்தபின் அங்குள்ள விதிகளைக் கேட்டறியுங்கள். பகல் முழுவதும் வெளியே அனுப்புவதும் கணவன் மனைவியைப் பிரித்துத் தங்கவைப்பதும் மனித மாண்புக்கு எதிரானவை என்று 2017இல் டிலாட்லா வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆகவே அப்படிப்பட்ட விதியை எதிர்த்துக் கேட்பது அடாவடியாகாது.

கடைசியாக, தங்குமிடத்திற்கு வந்துவிட்டோம் என்று ஓய்ந்துவிடாமல், அரசு வீட்டு உதவி வேண்டுவோரின் பட்டியலான தேசிய வீட்டுத் தேவைப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தொலைபேசி எண் மாறும் ஒவ்வொரு முறையும் அதை அங்கே திருத்துங்கள். அழைப்பு வரும் நாளில் பழைய எண்ணில் மணியடித்துப் பயனில்லை.