அவுட்போர்டு எஞ்சின் வேலை கற்பவருக்கு: தண்ணீர் போகும் வழியிலிருந்து தொடங்குங்கள்

படகின் பின்பக்கம் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினைப் பழுதுபார்க்கக் கற்க வருபவரை முதல் நாளே கார்புரேட்டர் முன்னால் உட்கார வைப்பதைவிட, லோயர் யூனிட்டை (கியரும் ப்ரொப்பெல்லரும் உள்ள கீழ்ப்பகுதி) கழற்றி வாட்டர் பம்பைக் காட்டுவது நல்லது. இந்த எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. படகு மிதக்கும் நீரையே உறிஞ்சி, உடம்பெல்லாம் சுற்றவிட்டு, புகையோடு சேர்த்து வெளியே தள்ளுகிறது. அந்த நீர் நின்றுபோனால் சில நிமிடங்களில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், சிலிண்டர் ஹெட் வளையும். வாட்டர் பம்ப் வேலையில் கியர் இணைப்பு, ஷாஃப்ட், சீல், கேஸ்கெட், டார்க் ரெஞ்ச் எல்லாம் கைக்குப் பழகிவிடும் என்பது கூடுதல் நன்மை. அதை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவருக்கு மற்ற வேலைகள் வேகமாக வரும்.

கை வைப்பதற்கு முன்

கில் சுவிட்சின் (எஞ்சினை அவசரமாக நிறுத்தும் சுவிட்ச்) கயிற்றைக் கழற்றுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுங்கள். ப்ளக் வயர்களைக் கழற்றி எஞ்சின் உடம்போடு எர்த் செய்துவிடுங்கள். கியர் விழுந்திருக்கும்போது ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றினால் கிராங்க்கும் சேர்ந்து சுற்றும். ப்ளக்கில் பொறி வந்தால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகி விரலை எடுத்துவிடும். எந்த வேலையானாலும் ப்ரொப்பெல்லரை முதலில் கழற்றி ஓரமாக வைக்கும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

நீரின் பாதை

கியர் கேஸின் பக்கவாட்டில் இருக்கும் சல்லடை வழியாக நீர் உள்ளே வருகிறது. எஞ்சினின் சுழற்சியைக் கியருக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டில் கோத்திருக்கும் ரப்பர் இம்பெல்லர் (இறக்கைச் சக்கரம்) அதை மேலே தள்ளுகிறது. நீண்ட குழாய் வழியாகப் பவர்ஹெட்டுக்கு (சிலிண்டர்கள் உள்ள மேல்பகுதி) போய், சிலிண்டரையும் ஹெட்டையும் சுற்றி, சூட்டைப் பொறுத்துத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. இதிலிருந்து ஒரு சிறு பங்குதான் பைலட் ஓட்டை (பம்ப் ஓடுவதை வெளியே காட்டும் சிறு துளை) வழியாக வெளியே பீய்ச்சியடிக்கிறது.

பைலட் ஓட்டையில் நீர் வருகிறது என்றால் பம்ப் தள்ளுகிறது என்று மட்டுமே பொருள். உள்ளே ஒரு சிலிண்டரின் நீர்ப்பாதை உப்பு படிந்து அடைந்திருந்தாலும் பைலட் நன்றாகவே அடிக்கும். ஆகவே இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ஒவ்வொரு சிலிண்டரின் ஹெட்டையும் தனித்தனியே அளந்து பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால் அடைப்பு அங்கேதான்.

பைலட்டில் நீரே வராவிட்டால் உடனே பம்பைச் சந்தேகிக்க வேண்டாம். எஞ்சினை நிறுத்திவிட்டு, புல்வெட்டி நைலான் இழை ஒன்றை அந்த ஓட்டைக்குள் விட்டு ஆட்டிப் பாருங்கள். பூச்சிக்கூடு, மணல், உப்புக்கட்டி பல சமயம் அங்கேயே அடைத்திருக்கும். சல்லடையில் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் சுத்தமாக இருந்தும் தாரை மெலிந்திருந்தால் கீழே இறக்க வேண்டியதுதான்.

லோயர் யூனிட்டை இறக்குதல்

எந்த கியரில் வைத்து இறக்க வேண்டும் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். சிலவற்றுக்கு நியூட்ரல், சிலவற்றுக்கு ஃபார்வர்டு. அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். பல மாடல்களில் டிரிம் டாபுக்கு (ப்ரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் சிறு துடுப்பு) மேலே ஒரு போல்ட் ஒளிந்திருக்கும். டாபைக் கழற்றும் முன் அது நிற்கும் கோணத்தை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றிப் போட்டால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும்.

ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் அலுமினிய உடம்பும் உப்புநீரில் சேர்ந்திருந்தால் போல்ட் இறுகிப்போகும். திருகு வராவிட்டால் இம்பாக்ட் ரெஞ்சை எடுக்காதீர்கள், போல்ட் உடைந்து தலை மட்டும் கையோடு வரும். துருநீக்கும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். சுற்றியுள்ள அலுமினியத்தை ஹாட் ஏர் கன்னால் சூடாக்குங்கள். கொஞ்சம் தளர்த்தி, சற்று இறுக்கி, மறுபடி தளர்த்தி என்று பொறுமையாக எடுங்கள்.

போல்ட்டெல்லாம் எடுத்த பிறகும் யூனிட் இறங்காவிட்டால் ஷாஃப்ட்டின் ஸ்ப்ளைன் (மேல்முனையில் உள்ள பல்வரிசை) துருப்பிடித்துக் கிராங்க்கோடு ஒட்டியிருக்கலாம். ஷிஃப்ட் ராடின் (கியர் மாற்றும் கம்பி) இணைப்பைக் கழற்ற மறந்திருக்கவும் கூடும், அதை முதலில் பாருங்கள். இணைப்பு முகங்களுக்கு நடுவே ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பினால் அந்த முகம் கெட்டுப்போகும். மர ஆப்புகளை இரண்டு பக்கமும் சமமாகத் தட்டி இறக்குங்கள்.

பம்ப்

பம்ப் மூடியைத் திறந்ததும் இம்பெல்லரைப் பிடுங்கி வீசாமல் ஒரு நிமிடம் பாருங்கள். இறக்கைகள் வளைந்தபடியே நின்றுவிட்டனவா? நுனி தேய்ந்து பளபளக்கிறதா? நுனி கருகியிருந்தால் நீரில்லாமல் ஓட்டியிருக்கிறார்கள். ரப்பருக்கு நீர்தான் மசகு. காய்ந்த நிலையில் சில விநாடிகள் சுற்றினாலே சேதம் தொடங்கிவிடும்.

இறக்கை ஏதாவது முறிந்திருந்தால் துண்டுகளைத் தேடி எடுத்து, இம்பெல்லரோடு பொருத்திப் பார்த்துக் கணக்கை முடியுங்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அது மேலே குழாயிலோ தெர்மோஸ்டாட்டிலோ சிக்கியிருக்கிறது. புது இம்பெல்லர் போட்ட பிறகும் சூடாகிறது என்று திரும்பி வரும் எஞ்சின்களில் இது அடிக்கடி காணும் காரணம்.

இம்பெல்லர் உட்காரும் ஸ்டெயின்லெஸ் கிண்ணத்திலும் அடித்தட்டிலும் நகத்தை ஓட்டுங்கள். நகம் சிக்கும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும். இம்பெல்லரை மட்டும் மாற்றுவதைவிட கிண்ணம், தட்டு, கேஸ்கெட், கீ (இம்பெல்லரை ஷாஃப்ட்டோடு பூட்டும் சிறு உலோகத் துண்டு) அடங்கிய முழு கிட்டைப் போடுவதே எப்போதும் நல்லது. பழைய கிண்ணத்தில் புது ரப்பர் சீக்கிரம் தேயும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை இவை. அரைவட்டமாக இருக்கும் உட்ரஃப் கீயைச் சிறிது கிரீஸ் தொட்டு ஷாஃப்ட்டில் ஒட்டவையுங்கள், இல்லாவிட்டால் நழுவி விழும். கீ இல்லாமல் பூட்டினால் ஷாஃப்ட் சுற்றும், இம்பெல்லர் நிற்கும். இறக்கைகளில் சோப்பு நீரோ கிளிசரினோ தடவுங்கள். கிண்ணத்தைக் கீழே அழுத்திக்கொண்டே ஷாஃப்ட்டைக் கடிகாரத் திசையில் சுற்றுங்கள். இறக்கைகள் தாமாகச் சரியான பக்கம் மடங்கி உள்ளே போகும். அதன் பிறகு எதிர்த்திசையில் சுற்றவே கூடாது. போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில், கொஞ்சம் கொஞ்சமாக, மேனுவல் சொல்லும் டார்க்குக்கு இறுக்குங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? 300 மணி நேரம் அல்லது 3 ஆண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றச் சொல்லும் தயாரிப்பாளர்கள் உண்டு. மணல் கலங்கும் ஆழமற்ற நீரில் ஓடும் எஞ்சினுக்கு அந்த இடைவெளி மிக நீளம். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

மறுபடி ஏற்றுதல்

இங்கேதான் கற்பவர்கள் அதிகம் தவறுகிறார்கள். டிரைவ் ஷாஃப்ட் ஸ்ப்ளைனின் பக்கங்களில் நீரில் கரையாத மரைன் கிரீஸ் தடவுங்கள். ஷாஃப்ட்டின் மேல் நுனியில் தடவாதீர்கள். மேல்நுனியில் அப்பிய கிரீஸ் கிராங்க்கின் குழிக்குள் அடைபட்டு, ஷாஃப்ட்டை முழுதாக உட்காரவிடாது. அந்த நிலையில் போல்ட்டை இறுக்கினால் சுமை பேரிங்குகளின் மேல் ஏறும்.

யூனிட்டைத் தூக்கும்போது மூன்று பொருத்தங்கள் ஒரே நேரத்தில் அமைய வேண்டும்: ஸ்ப்ளைன், ஷிஃப்ட் ராட், நீர்க்குழாய். ஸ்ப்ளைன் பிடிக்காவிட்டால் உதவியாளரை ஃப்ளைவீலைக் கடிகாரத் திசையில் மெல்லத் திருப்பச் சொல்லுங்கள். நீர்க்குழாய் பம்பின் ரப்பர் வளையத்துக்குள் நேராக இறங்கியதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். குழாய் வளையத்துக்கு வெளியே நின்றால், புது பம்ப் போட்டும் மேலே ஒரு சொட்டு ஏறாது.

இரண்டு முகங்களும் கையழுத்தத்திலேயே சேர வேண்டும். இடைவெளி இருக்கும்போது போல்ட்டைக் கொண்டு இழுத்துச் சேர்க்க முயன்றால் ஹவுசிங் விரியும். இறக்கி, என்ன தடுக்கிறது என்று பார்த்து, மறுபடி ஏற்றுங்கள். பூட்டியதும், ப்ளக் வயர்கள் இன்னும் எர்த்தில் இருக்கும்போதே, ஃப்ளைவீலைக் கையால் சுற்றிக்கொண்டு நியூட்ரல், ஃபார்வர்டு, ரிவர்ஸ் மூன்றையும் போட்டு ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் பாருங்கள். நியூட்ரலில் அது தனியே நிற்க வேண்டும்; மற்ற இரண்டில் எதிரெதிர்த் திசைகளில் சுற்ற வேண்டும்.

சோதனை ஓட்டம் தண்ணீர்த் தொட்டியில் செய்வது சிறந்தது. ஃப்ளஷ் மஃப் (சல்லடைமேல் கவ்வவைத்துக் குழாய்நீர் விடும் ரப்பர் கிண்ணங்கள்) பயன்படுத்தினால் ப்ரொப்பெல்லர் இல்லாமல், ஐடிலில் மட்டும். ஸ்டார்ட் செய்யும் முன் குழாயைத் திறக்க வேண்டும், எஞ்சின் நின்ற பிறகே மூட வேண்டும். அரை நிமிடத்துக்குள் பைலட்டில் நீர் வராவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

எப்போது சூடாகிறது என்று கேளுங்கள்

ஐடிலில் சூடாகி வேகத்தில் சரியாகிறது என்றால் தேய்ந்த இம்பெல்லர் அல்லது மூடியபடி சிக்கிய தெர்மோஸ்டாட். ஐடிலில் சரியாக இருந்து வேகத்தில் சூடானால் நீர் போதவில்லை: சல்லடை, அடைந்த பாதை, பெரிய எஞ்சின்களில் வேகத்தின்போது திறக்க வேண்டிய அழுத்த வால்வு. இந்த ஒரு கேள்வி பாதி நேரத்தை மிச்சப்படுத்தும்.

தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க, அதை நூலில் கட்டி, தெர்மாமீட்டரோடு நீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். பல டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களில் 50 டிகிரி செல்சியஸ் அளவில் திறக்கத் தொடங்கும். பல ஃபோர் ஸ்ட்ரோக்குகளில் 60 அளவில். கார் தெர்மோஸ்டாட்டைவிட இது குறைவு. காரணம், கடல்நீர் அதிகம் சூடானால் அதிலுள்ள உப்பும் சுண்ணாம்பும் சுவரில் படியும். சூடாகிறது என்பதற்காகத் தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிடுவது தவறான வைத்தியம். எஞ்சின் குளிர்ந்தே ஓடி, ப்ளக் கரி பிடிக்கும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் எரியாத பெட்ரோல் இறங்கி ஆயில் மட்டம் ஏறும்.

கியர் ஆயில்

முதலில் கியர் கேஸின் கீழ் ஸ்க்ரூவைத் தளர்த்திச் சில சொட்டுகளைப் பாருங்கள், பிறகு மேல் ஸ்க்ரூவைத் திறந்து வடியவிடுங்கள். பால் நிறத்தில் இருந்தால் நீர் புகுந்திருக்கிறது. ஸ்க்ரூவின் காந்தத்தில் மாவு போன்ற சாம்பல் நிறப் பசை வழக்கமானது. ஊசி போன்ற துண்டுகள் வந்தால் கியரோ பேரிங்கோ உடைகிறது.

நிரப்புவது எப்போதும் கீழிருந்துதான். கீழ் ஓட்டையில் ஆயில் பம்பை வைத்து, மேல் ஓட்டையில் குமிழி இல்லாமல் ஆயில் வழியும்வரை ஏற்றுங்கள். முதலில் மேல் ஸ்க்ரூவைப் பூட்டிவிட்டு, பிறகு பம்பை எடுத்துக் கீழ் ஸ்க்ரூவைப் போடுங்கள். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று சிக்கி, ஆயில் குறைவாக நிற்கும். வாஷர் இரண்டும் ஒவ்வொரு முறையும் புதிது. ஆயிலை 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

நீர் புகுந்திருந்தால் ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் பாருங்கள். தூண்டில் நரம்பு சுற்றிச் சீலை வெட்டியிருக்கும் வாய்ப்பு மிக அதிகம். சீல் மாற்றிய பிறகு, ஆயில் ஊற்றும் முன், காற்றழுத்தச் சோதனை செய்யுங்கள். எத்தனை அழுத்தம், எத்தனை விநாடி என்பது மேனுவலில் இருக்கும். அழுத்தமானியின் முள் இறங்கினால் யூனிட்டை நீரில் அமிழ்த்துங்கள், குமிழி வரும் இடமே கசிவு.

மற்றவை, சுருக்கமாக

ஸ்டார்ட் ஆகாத எஞ்சினில் கில் சுவிட்ச் கயிறு, டேங்க் மூடியின் காற்றுத் திருகு, ப்ரைமர் பல்ப் (பெட்ரோல் குழாயில் கையால் அழுத்தும் ரப்பர் குமிழ்) ஆகியவற்றை முதலில் பாருங்கள். பல்ப் அமுங்கிச் சப்பையாகவே நின்றால் டேங்கில் காற்று போகவில்லை. எத்தனை அழுத்தியும் கெட்டியாகாவிட்டால் எங்கோ காற்றை இழுக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி டிசி-டபிள்யூ3 (நீரால் குளிரும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான தரம்) ஆயில், 25 லிட்டர் டேங்குக்கு 500 மில்லி. கம்ப்ரெஷன் சோதனையில் எல்லா ப்ளக்கும் வெளியே, த்ராட்டில் முழுதும் திறந்திருக்க வேண்டும். மானி காட்டும் எண்களைவிட சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசமே முக்கியம், 15 சதவீதத்தைத் தாண்டினால் உள்ளே பார்க்க வேண்டும்.

ஆனோடு (எஞ்சின் உடம்புக்குப் பதிலாகத் தான் அரிக்கப்படும் உலோகக் கட்டி) பாதி கரைந்ததும் மாற்றுங்கள், அதன்மேல் பெயின்ட் அடிக்காதீர்கள். உப்புநீருக்கு துத்தநாகம் அல்லது அலுமினியம், நன்னீருக்கு மெக்னீசியம்.

பயிற்றுவிப்பவருக்கு

கழித்துப் போட்ட லோயர் யூனிட் ஒன்றைப் பயிற்சிக்கென்றே ஒதுக்குங்கள். அதில் வேண்டுமென்றே பழுது வையுங்கள்: ஒரு இறக்கையை வெட்டித் துண்டைக் குழாயில் ஒளித்துவையுங்கள், கீயை எடுத்துவிடுங்கள், நீர்க்குழாயை வளையத்துக்கு வெளியே நிறுத்துங்கள், ஷிஃப்ட் ராடைத் தவறாகப் பூட்டுங்கள். கற்பவர் எந்த உதவியும் இல்லாமல் கண்டுபிடித்து, காரணத்தை வாயால் சொல்லி, சரிசெய்த பிறகே வாடிக்கையாளரின் எஞ்சினைத் தொட வேண்டும். ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு தாளில் ஹெட் சூடு, கம்ப்ரெஷன், கியர் ஆயிலின் நிறம், முழு த்ராட்டிலில் எட்டிய ஆர்பிஎம் ஆகியவற்றை எழுதவையுங்கள். அடுத்த முறை அதே எஞ்சின் வரும்போது, முழு த்ராட்டில் ஆர்பிஎம் முன்பைவிடக் குறைந்திருந்தால் படகின் அடியில் பிடித்த பாசி, ப்ரொப்பெல்லர் சேதம், பலமிழந்த சிலிண்டர் என்ற வரிசையில் தேடலாம். ஆர்பிஎம் ஏறியும் படகு வேகம் பிடிக்காவிட்டால் ப்ரொப்பெல்லரின் உள்ரப்பர் வழுக்குகிறதா என்று பார்க்கலாம்.