கிந்தா பள்ளத்தாக்கில் குகையும் ஈயக் கப்பலும்: முதல்முறை போகிறவர்களுக்கு

மலேசியாவில் ஈப்போவுக்கு வரும் உறவினர்கள் வெள்ளைக் காப்பி குடிப்பார்கள், ஏதாவது ஒரு குகைக் கோயிலில் நின்று படம் எடுப்பார்கள், சாயங்காலம் கேமரன் மலைக்குக் காரை விட்டுவிடுவார்கள். நெடுஞ்சாலையின் இரு பக்கமும் நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளுக்குள் என்ன இருக்கிறது, அவற்றுக்கு நடுவே கிடக்கும் இத்தனை குட்டைகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டவர்கள் குறைவு. கேட்ட ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு சுற்றிய பழக்கத்தில் இதை எழுதுகிறேன். குகைக்குள் ஒருமுறைகூட நுழையாதவர்களுக்கு, ஒரு வாரக் கடைசிக்கு இது போதும்.

போவதற்கு முன் ஒரு சின்ன விஷயம் தெரிந்திருந்தால் பார்ப்பதெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டும். ஈப்போ இருக்கும் கிந்தா பள்ளத்தாக்குக்குக் கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர், மேற்கே கிளெடாங் மலைத்தொடர். இரண்டும் கருங்கல். நடுவில் பள்ளத்தாக்கின் தரை முழுக்கச் சுண்ணாம்புக்கல். ஒரு காலத்தில் கடலடியில் படிந்தது. மேலிருக்கும் கருங்கல்லில்தான் ஈயத்தாது பிறந்தது. மழை அந்தக் கல்லைச் சிதைத்து, தாதை ஆற்றோடு அடித்துக்கொண்டு வந்து கீழே போட்டது. அதே மழை சுண்ணாம்புக்கல்லை அரித்துக் குழியும் முள்ளுமாக ஆக்கி வைத்திருந்தது. கனமான தாது அந்தக் குழிகளில் தங்கிவிட்டது. குகையைக் குடைந்ததும் தண்ணீர்தான், ஈயத்தைச் சேர்த்து வைத்ததும் தண்ணீர்தான். நீங்கள் பயப்பட வேண்டியதும் அதற்குத்தான்.

(நம் வழக்கில் ஈயம் என்றால் வெள்ளீயம். கருப்பு ஈயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

முதல் படி: மழையைப் பார்த்து நாள் குறியுங்கள்

ஈப்போவில் மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் இடியோடு வரும். அதனால் குகையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். பசியாறிவிட்டு ஒன்பது மணிக்கெல்லாம் குகை வாசலில் நிற்க வேண்டும். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை அதிகம். அந்த மாதங்களில் வந்தால், தண்ணீரில் இறங்கும் சுற்றுகளைக் கடைசி நிமிடத்தில் ரத்து செய்யக்கூடும் என்ற மனநிலையோடு வாருங்கள்.

குகை வாசலில் வெயில் அடிக்கிறதே என்று நினைக்கக் கூடாது. குகைக்குள் ஓடும் ஓடை எங்கோ மேலே, நம் கண்ணுக்குத் தெரியாத காட்டில் தொடங்குகிறது. அங்கே பெய்தால் இங்கே ஏறும். 2018 ஜூன் 23ஆம் தேதி தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் போன 12 சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் உள்ளே மாட்டிக்கொண்டது இப்படித்தான். கடைசி ஆள் வெளியே வந்தது ஜூலை 10. அதுவும் சுண்ணாம்புக் குகைதான்.

உள்ளே இருக்கும்போது ஓடைத் தண்ணீர் கலங்கலாக மாறினாலோ, இலையும் குச்சியும் மிதந்து வந்தாலோ, சத்தம் கூடினாலோ பேச்சை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். வழிகாட்டி "வெளியே" என்று சொன்னால் "இன்னும் ஒரு படம்" என்று கெஞ்ச வேண்டாம்.

இரண்டாம் படி: சும்மா நடக்கும் குகையில் தொடங்குங்கள்

முதல் குகையாக நான் எல்லோரையும் கூட்டிப்போவது குனோங் ராப்பாட்டில் இருக்கும் கெக் லுக் தோங். இது சீனக் குகைக் கோயில். தரை சமமாக, வெளிச்சமாக இருக்கும். பாட்டியையும் கூட்டி வரலாம். பெரிய கூடம் ஒன்றைக் கடந்து பின்பக்கம் இறங்கினால் குளமும் தோட்டமும், சுற்றிக் குன்றுகளும். கோயில் ஆவதற்கு முன்பு இந்தக் குகையில் இரும்புத்தாது வெட்டினார்கள் என்பது வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அது தெரிந்த பிறகு அந்தக் கூடத்தை இன்னொரு தடவை சுற்றிப் பாருங்கள்.

இங்கேயே கண்ணைப் பழக்கிக்கொள்ளலாம். மேலிருந்து தொங்குவது தொங்கூசி, கீழிருந்து எழும்புவது பொங்கூசி. பாடப் புத்தகத்துச் சொல்தான், ஆனால் தொங்குவதும் பொங்குவதும் பேரிலேயே இருப்பதால் மறக்காது. மழைத்தண்ணீர் மண்ணில் இருக்கும் கரியமிலவாயுவை வாங்கிக்கொண்டு லேசாகப் புளித்துப்போய் இறங்குகிறது, சுண்ணாம்பைக் கரைக்கிறது. குகைக் காற்றைத் தொட்டதும் அந்த வாயு வெளியேற, கரைந்த சுண்ணாம்பு மறுபடி கல்லாகப் படிகிறது. கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவும் இதே சுண்ணாம்புதான். நுனியில் சொட்டு நிற்கிறது என்றால் அந்தக் கல் இன்னும் வளர்கிறது என்று அர்த்தம். தொடாதீர்கள். கையில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் அந்த இடத்தில் சுண்ணாம்பு சரியாகப் படியாது, கறுத்தும் போகும்.

மூன்றாம் படி: என்ன உடுத்துவது, என்ன எடுத்துப்போவது

சிலிப்பர் வேண்டாம். இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு: முதல்முறை ஒரு குகைக்குச் சிலிப்பரோடு போனேன். பத்தாவது நிமிடத்தில் ஒன்று களிமண்ணில் புதைந்தது, இன்னொன்று ஓடையோடு போய்விட்டது. மிச்சத் தூரத்தை வெறுங்காலில் நடந்தேன். பின்னால் வந்த ஒரு குட்டிப் பையன் கடைசிவரை அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான்.

ரப்பர் அடி உள்ள பழைய காலணி, நனைந்தாலும் கவலையில்லாதது. முழங்காலை மூடும் கால்சட்டை, ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கல்லாகக் கனக்கும். நெற்றியில் கட்டும் விளக்கு ஆளுக்கு ஒன்று, கூடவே கையில் இன்னொரு டார்ச். கைப்பேசி விளக்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதைப் பிடிக்க ஒரு கை போய்விடும், ஏறுவதற்கு இரண்டு கையும் வேண்டும். ஒரு போத்தல் தண்ணீர், மாற்று உடுப்பு, ஈரத்தைப் போட ஒரு பிளாஸ்டிக் பை. வெளியைவிட உள்ளே குளுமையாகத்தான் இருக்கும், ஆனாலும் காற்றில் ஈரம் அதிகம், வேர்த்துக் கொட்டும்.

வௌவால் எச்சம் குவிந்திருக்கும் இடங்களில் முகக்கவசம் நல்லது. காய்ந்த எச்சத்தின் தூசியில் நுரையீரலைப் பாதிக்கும் பூஞ்சை இருக்கலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் அப்படிப்பட்ட மூலைகளுக்குப் போகாமல் இருப்பதே மேல்.

உள்ளே கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது. எந்தக் குகை, எத்தனை மணிக்குள் வெளியே வருவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த நேரம் தாண்டியும் தகவல் இல்லையென்றால் அவர் அவசர எண் 999ஐக் கூப்பிடட்டும்.

நான்காம் படி: குவா தெம்புருங்

சரி, இப்போது உண்மையான குகை. ஈப்போவிலிருந்து தெற்கே போய், கோப்பெங் வெளிவழியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்க வேண்டும். தெம்புருங் என்றால் மலாயில் தேங்காய்ச் சிரட்டை. உள்ளே நுழைந்து தலையை நிமிர்த்திப் பார்த்தால் பேருக்குக் காரணம் புரியும். சிரட்டையைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் பிரம்மாண்டமான கூடங்கள்.

இங்கே இரண்டு விதமாகப் பார்க்கலாம். ஒன்று, விளக்கும் நடைபாதையும் படிக்கட்டும் போட்ட காய்ந்த வழி. இன்னொன்று, வழிகாட்டியோடு ஓடையில் இறங்கித் தவழ்ந்தும் சறுக்கியும் போகும் ஈர வழி. முழுச் சுற்று என்றால் காலை நேரம் மொத்தமும் போய்விடும். முதல்முறை வருகிறவர்கள் காய்ந்த வழியையே எடுங்கள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று நீளமானதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பாதியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். படிக்கட்டு மட்டுமே தொடையைப் பதம் பார்த்துவிடும். எந்தச் சுற்று அன்றைக்கு நடக்கிறது, முன்பதிவு வேண்டுமா என்பதைக் கிளம்பும் முன் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

நடக்கும்போது சுவரின் வளைவுகளைக் கவனியுங்கள். தலைக்கு மேல் எட்டாத உயரத்தில்கூடத் தண்ணீர் தேய்த்த தடம் தெரியும். ஓடை முன்பு அங்கே ஓடியிருக்கிறது, போகப் போகக் கல்லை அரித்துக் கீழே இறங்கியிருக்கிறது. இதே குகைக்குள் ஈயமும் தோண்டியிருக்கிறார்கள். ஓடை கொண்டுவந்து போட்ட மண்ணில் தாது இருந்தது, ஆட்கள் விளக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். வழிகாட்டியிடம் கேட்டால் தோண்டிய இடங்களைக் காட்டுவார்.

பாம்பு இருக்குமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. இருக்கலாம். இந்தப் பக்கத்துக் குகைகளில் வௌவாலைப் பிடித்துத் தின்னும் ஒரு நீளமான பாம்பு உண்டு, விஷம் கிடையாது. அதன்பாட்டுக்கு அது போகும். உங்கள் பாட்டுக்கு நீங்கள் போங்கள்.

எங்காவது நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்து, எல்லோரும் ஒரு நிமிடம் விளக்கை அணையுங்கள். வீட்டில் இருட்டு என்று நாம் சொல்வது இருட்டே அல்ல என்று அப்போது தெரியும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் முன்பே சொல்லிவிட்டு அணையுங்கள்.

ஐந்தாம் படி: மறுநாள், ஈயம்

இரண்டாம் நாளுக்குக் காலணிகூட மாற்ற வேண்டாம், காய்ந்திருந்தால் அதுவே போதும். கம்பாரில் இருக்கும் ஈயச் சுரங்க அருங்காட்சியகத்தில் தொடங்குங்கள். சுரங்கம் என்றதும் பூமிக்கடியில் போகும் இருட்டு வழியை நினைத்து வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். கிந்தாவில் ஈயம் எடுத்தது பெரும்பாலும் திறந்த வெளியில். பீய்ச்சும் தண்ணீரால் கரையை இடித்து, சேற்றைப் பம்பு வைத்து மேலே ஏற்றி, பாலோங் என்ற சாய்வான மரத் தொட்டியில் விடுவார்கள். குறுக்கே கட்டைகள் இருக்கும். மணல் வழிந்து ஓடிவிடும், தாது கட்டைக்குப் பின்னால் தங்கிவிடும். ஈயத்தாது மணலைவிட இரண்டரை மடங்கு கனம்.

எங்கள் அம்மாவை முதலில் கூட்டிப்போனபோது மாதிரிப் பாலோங்கைப் பார்த்தவுடன், "இது அரிக்கஞ்சட்டியடா" என்றார். இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. அரிசியைக் களையும்போது கல் சட்டியின் வரியில் தங்கும், அரிசி தண்ணீரோடு போகும். இங்கே வேண்டியது கல், அவ்வளவுதான் வித்தியாசம். டூலாங் என்ற மரத்தட்டை வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்று ஈயம் அரித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உரிமம் வாங்கித்தான் அரிக்க முடியும்.

அப்புறம் ஈயக் கப்பல். பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகும் சாலையில், மரங்களுக்கு மேல் துருப்பிடித்த இரும்பு மாளிகை மாதிரித் தெரியும். 1938இல் கட்டியது, சுமார் 4,500 டன், அடித்தளம் மட்டும் 75 மீட்டர் நீளம். தனக்கான குட்டையைத் தானே தோண்டிக்கொண்டு அதிலேயே மிதந்து முன்னேறும் இயந்திரம் இது. முன்னால் வாளிச் சங்கிலி மண்ணைத் தோண்டி மேலே கொண்டுபோகும், நடுவில் ஈயம் பிரியும், கழிவு பின்னால் கொட்டும். கப்பல் நகர நகரக் குட்டையும் கூடவே நகரும். 1982இல் இது நின்றது. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்ததும் கிந்தாவின் மற்ற சுரங்கங்களும் ஒவ்வொன்றாக மூடின. கப்பலுக்குள் அனுமதி இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். உள்ளே போக முடிந்தால், வாளி ஒன்றின் பக்கத்தில் நின்று பாருங்கள், அளவு அப்போதுதான் மண்டையில் ஏறும்.

நேரம் மிச்சமிருந்தால், கோப்பெங்குக்கும் பத்து காஜாவுக்கும் இடையிலுள்ள கெல்லி கோட்டையில் ஒரு நிறுத்தம். குகையுமில்லை, சுரங்கமுமில்லை. ஆனால் அதைக் கட்டியதில் தமிழ்த் தொழிலாளர்களின் கை இருக்கிறது, பக்கத்திலேயே மாரியம்மன் கோயிலும் இருக்கிறது.

ஆறாம் படி: எங்கே போகக் கூடாது

ஈயம் தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் நின்றுதான் இந்தக் குட்டைகள் வந்தன. அந்த ஈயக்குட்டைகளில் இறங்காதீர்கள். கரை படிப்படியாக இறங்காது, ஓரடி தாண்டினால் ஆழம். சில இடங்களில் தண்ணீரே இருக்காது, மேலே காய்ந்த மண்ணாகத் தெரியும், கீழே சுரங்கக் கழிவின் குழைசேறு. கால் வைத்தால் இழுக்கும். தூண்டில் போடுகிறவர்களைப் பார்த்து நாமும் இறங்கலாம் என்று நினைக்க வேண்டாம், அவர்களுக்கு அந்தக் கரை பழகியது.

குன்றுகளில் பழைய வெட்டுவழிகளோ பேர் தெரியாத குகை வாயிலோ கண்ணில் படும். எட்டிப் பார்ப்பதோடு சரி. உள்ளே மரத்தாங்கல் மக்கியிருக்கும், காற்று கெட்டிருக்கும், தரை என்று நினைப்பது பலகையாக இருக்கும்.

குன்றின் அடியில் ஒட்டி நிற்காதீர்கள், கார் நிறுத்தாதீர்கள், அங்கே உட்கார்ந்து சாப்பிடவும் வேண்டாம். சுண்ணாம்புக்கல் வருடக்கணக்கில் விரிசல் விட்டு, ஒருநாள் பாளமாகக் கழன்று விழும். 1973 அக்டோபர் 18ஆம் தேதி ஈப்போ குனோங் சீரோவில் அப்படி விழுந்த பாறை, அடிவாரக் குடியிருப்பின் மேல் சரிந்து சுமார் நாற்பது பேரின் உயிரைக் கொண்டுபோனது. அதே குன்றின் அடிவாரத்தில்தான் கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயம் இருக்கிறது, புந்தோங்கிலிருந்து புறப்படும் தைப்பூசக் காவடிகள் வந்து சேரும் இடம். காவடி பார்க்கப் போகும்போது அண்ணாந்து அந்தப் பாறை முகத்தையும் பாருங்கள். வெளிறிய திட்டு தெரிந்தால், அங்கே கல் கழன்று அதிகக் காலமாகவில்லை என்று பொருள். பழைய கல் கறுத்திருக்கும்.

வீடு திரும்பியதும்

காலணியைக் களிமண் காய்வதற்குள் கழுவுங்கள். இன்னொரு குகைக்கு அதையே போடுவதானால் இன்னும் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும், ஒரு குகையின் மண்ணையும் பூஞ்சையையும் இன்னொன்றுக்குக் கொண்டுபோகக் கூடாது. உடுப்பைத் தனியாக ஊற வையுங்கள். வெள்ளைச் சட்டை போட்டுப் போயிருந்தால் அது இனிமேல் வெள்ளை இல்லை. இதை மூன்றாம் படியிலேயே சொல்லியிருக்க வேண்டும்.