மங்கள்யானின் சுற்றுப்பாதையிலிருந்து செவ்வாயின் நிறையையும் அடர்த்தியையும் கணக்கிடுவது எப்படி?

செவ்வாயின் ஆரம், நிறை, ஈர்ப்பு ஆகியவற்றைப் பாடநூல்கள் அட்டவணையாகவே தந்துவிடுகின்றன. அந்த எண்களை மனப்பாடம் செய்வதைவிட ஒரு முறையாவது நாமே கணக்கிட்டுப் பெறுவது பன்மடங்கு பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து. இதற்குப் பள்ளிக் கணிதமும், அடுக்குகளைக் கையாளும் ஓர் அறிவியல் கால்குலேட்டரும் போதும்.

படி 1: ஆரம்

2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் நம்மிடமிருந்து சுமார் 5.576 கோடி கிலோமீட்டர் தொலைவுக்கு நெருங்கி வந்தது. அன்று தொலைநோக்கியில் தெரிந்த அதன் வட்டின் கோண விட்டம் 25.1 ஆர்க்செகண்ட். ஒரு பாகையின் 3,600-இல் ஒரு பங்குதான் ஓர் ஆர்க்செகண்ட். தொலைவைக் கோண விட்டத்தால் பெருக்கி 2,06,265 ஆல் (அதாவது ஒரு ரேடியனில் உள்ள ஆர்க்செகண்டுகளின் எண்ணிக்கையால்) வகுத்தால், கோளின் விட்டம் ஏறத்தாழ 6,785 கிலோமீட்டர் என்று கிடைக்கும். விண்கலங்கள் அளந்து தந்த சராசரி ஆரம் 3,390 கிலோமீட்டர்; நம் விடையின் பாதி அதற்கு மிக அருகில் இருப்பதால், இனி 3,390-ஐயே எடுத்துக்கொள்வோம்.

படி 2: நிறை

இந்தப் படியை நிதானமாகச் செய்யுங்கள். 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்த மங்கள்யான், கோளின் தரைக்கு மேல் 421.7 கிலோமீட்டர் வரை நெருங்கியும் 76,993.6 கிலோமீட்டர் வரை விலகியும் சுற்றியதாகவும், ஒரு சுற்றுக்கு 72 மணி 51 நிமிடம் 51 வினாடி எடுத்துக்கொண்டதாகவும் இஸ்ரோ அப்போது அறிவித்தது. இரு உயரங்களின் சராசரி 38,707.65 கிலோமீட்டர். அதனுடன் கோளின் ஆரத்தைக் கூட்டினால் கிடைக்கும் 42,098 கிலோமீட்டரே அந்த நீள்வட்டப் பாதையின் அரை நெட்டச்சு, அதாவது அதன் மிக நீண்ட விட்டத்தின் பாதி. உயரம் தரையிலிருந்து அளக்கப்படுகிறது, பாதையின் அளவையும் சுற்றுக் காலத்தையும் இணைக்கும் கெப்ளரின் விதியோ கோளின் மையத்திலிருந்து கணக்கிடுகிறது என்பதால், ஆரத்தைக் கூட்ட மறந்தால் நிறை 22 சதவீதம் குறைந்துவிடும்.

இப்போது நீளத்தை மீட்டருக்கும் (4.2098 × 10⁷) காலத்தை வினாடிக்கும் (2,62,311) மாற்றுங்கள். நீளத்தின் முப்படியை 39.48 ஆல் (அதாவது பையின் வர்க்கத்தின் நான்கு மடங்கால்) பெருக்கி, காலத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 4.28 × 10¹³ கிடைக்கும். இதை ஈர்ப்பு மாறிலியான 6.674 × 10⁻¹¹ ஆல் வகுத்தால் செவ்வாயின் நிறை வந்துவிடும்: 6.41 × 10²³ கிலோகிராம். இது பூமியின் நிறையில் ஒன்பதில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. விண்கலத்தின் எடை இந்தக் கணக்கில் எங்குமே தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். 1877-இல் ஆசாப் ஹால் கண்டுபிடித்த போபோஸ் என்ற நிலவை எடுத்துக்கொண்டு (மையத்திலிருந்து 9,376 கிலோமீட்டர், ஒரு சுற்றுக்கு 27,554 வினாடி) இதே கணக்கைச் செய்து பார்த்தால், 4.28-க்குப் பதில் 4.29 வரும். ஒரு பாறைத் துண்டும் மனிதர் செய்த கலமும் ஒரே விடையைச் சொல்வது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

படி 3: ஈர்ப்பு

4.28 × 10¹³-ஐ மீட்டரில் உள்ள ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்தால், தரையில் ஈர்ப்பு முடுக்கம் வினாடி வர்க்கத்துக்கு 3.72 மீட்டர் என்று கிடைக்கும். பூமியில் இது 9.8 என்பதால், இங்கே 60 கிலோ காட்டும் எடைக்கருவி அங்கே 23 கிலோவுக்கும் சற்றுக் குறைவாகவே காட்டும். ஒலிம்பஸ் மோன்ஸ் என்ற எரிமலை ஏறத்தாழ 22 கிலோமீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்பதற்கு இந்தக் குறைந்த ஈர்ப்பும் ஒரு காரணம்.

படி 4: அடர்த்தி

ஆரத்தின் முப்படியை 4.189 ஆல் பெருக்கினால் கனஅளவு 1.63 × 10²⁰ கனமீட்டர். நிறையை இதனால் வகுத்தால், ஒரு கனமீட்டருக்குச் சுமார் 3,930 கிலோகிராம் என்று அடர்த்தி கிடைக்கும். பூமிக்கு இது 5,510, நிலவுக்கு 3,340. சாதாரண எரிமலைப் பாறையான பசால்ட்டின் அடர்த்தி 3,000-ஐ ஒட்டியே இருப்பதால், செவ்வாயின் உள்ளே பாறையைவிடக் கனமான ஏதோ ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று இந்த ஓர் எண்ணே உணர்த்துகிறது. 2018-இல் தரையிறங்கிய இன்சைட் கலம் பதிவு செய்த நில அதிர்வுகள் இதை உறுதிப்படுத்தின. கோளின் ஆரத்தில் ஏறக்குறைய பாதி அளவுக்கு, இரும்புடன் கந்தகம் போன்ற இலேசான தனிமங்களும் கலந்த ஒரு கருவம் (கோளின் மையப்பகுதி) அங்கே இருக்கிறது.

பயிற்சிக்குப் புதனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆரம் 2,440 கிலோமீட்டர், நிறை 3.30 × 10²³ கிலோகிராம். விடை 5,420-ஐ ஒட்டி வர வேண்டும். பூமியின் அடர்த்தியில் ஒரு பங்கு, தன் எடையால் தானே அமுங்குவதால் வருவது. புதனோ அவ்வாறு அமுங்கும் அளவுக்குப் பெரியதல்ல. ஆகவே அதன் பெரும்பகுதி இரும்பாகத்தான் இருக்க வேண்டும். உண்மையில் அதன் கருவம் மட்டுமே ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் ஆரம் கொண்டது.