தூக்கம் போதாதவர்கள் லூசிட் ட்ரீமிங் பழகுவது எப்படி?

கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே 'இது கனவு' என்று நமக்குத் தெரிந்துவிடுவதுதான் லூசிட் ட்ரீம். 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் இதைக் கருவியில் பதிவு செய்தார். ஆலன் வோர்ஸ்லி என்பவர் தூங்கிக்கொண்டே, முன்பு பேசிவைத்தபடி, கனவுக்குள்ளிருந்து கண்ணை இடமும் வலமுமாக அசைத்துக் காட்டினார். கனவு நேரத்தில் கை கால் எல்லாம் கட்டிப்போட்டதுபோல் கிடக்கும், கண் மட்டும் அசையும். அதனால்தான் அந்த ஏற்பாடு.

நான் இதைப் பழக ஆரம்பித்தபோது இரவு பன்னிரண்டரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்துகொண்டிருந்தேன். கனவைப் பிடிக்க நடுவில் நாலு மணிக்கு ஒரு அலாரம் வேறு. இரண்டு வாரம் ஆகியும் ஒரு கனவுகூட நினைவில் நிற்கவில்லை. ஒரு நாள் காலை சிக்னலில் பைக்கை நிறுத்தியவன் அப்படியே கண் சொருகிவிட்டேன். பின்னால் ஹார்ன் அடித்த பிறகுதான் விழிப்பு வந்தது. அன்றோடு அலாரத்தை நிறுத்தினேன். நீங்கள் அந்த வழியில் போக வேண்டாம்.

படி 1: முதலில் கணக்குப் போடுங்கள்

தூக்கம் சுமார் ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாகப் போகிறது. இரவின் முன்பாதியில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். தெளிவான கனவுகள் வரும் ரெம் தூக்கம் முதல் சுற்றில் சில நிமிடங்கள்தான். விடியவிடிய நீண்டுகொண்டே போய், கடைசிச் சுற்றுகளில் அரை மணி நேரத்தைத் தாண்டிவிடும். ஏழரை மணி நேரம் தூங்குபவருக்கு ஐந்து சுற்று கிடைக்கும். ஐந்து மணி நேரத்தில் எழுந்தால் மூன்று சுற்றுதான். விட்டுப்போவது இரண்டு சுற்று என்றாலும், கனவில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு லூசிட் ட்ரீம் தேடுவது, மழை பெய்யும் நேரத்தில் குடத்தை வீட்டுக்குள் எடுத்து வைப்பது மாதிரி.

படி 2: தூக்கக் கடனை அடைத்துவிடுங்கள்

எழும் நேரத்தை மாற்ற முடியாவிட்டால், படுக்கும் நேரத்தை மூன்று நாளுக்கு ஒரு முறை கால் மணி நேரம் முன்னால் கொண்டுவாருங்கள். ஏழு மணி நேரமாவது வரும்வரை விடாதீர்கள். மாலைக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். குடித்து ஐந்து மணி நேரம் ஆன பிறகும் காஃபீனில் ஏறக்குறைய பாதி உடம்பிலேயே இருக்கும்.

இப்படி நிறையத் தூங்க ஆரம்பித்ததும் உடம்பு முதலில் ஆழ்ந்த தூக்கத்தைத்தான் ஈடுகட்டும். அப்புறம் கனவுகள் கூட்டமாக வரும். அந்த நாட்களில் எந்த முயற்சியும் செய்யாதீர்கள், வருவது வரட்டும்.

படி 3: கனவு நோட்டு

தலையணைப் பக்கத்தில் ஒரு நோட்டும் பென்சிலும் போதும். படுத்தபடி எழுதினால் பேனா மக்கர் பண்ணும். விழித்ததும் புரண்டு படுக்காதீர்கள், போனைத் தொடாதீர்கள். அதே நிலையில் கிடந்து, கடைசியாக எந்த இடத்தில் இருந்தோம் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். ஒரு துண்டு கையில் கிடைத்தால் மீதி பின்னாலேயே வரும். என் நோட்டில் முதல் பக்கத்தில் இருப்பது இரண்டே சொல்: 'ஈரப் படிக்கட்டு'. அதை எழுதி முடிப்பதற்குள் பாட்டி வீட்டுக் கிணற்றடி முழுவதும் திரும்பி வந்துவிட்டது.

இரண்டு வாரம் எழுதினால் அடிக்கடி வரும் இடமும் ஆளும் தெரிந்துவிடும். எனக்குப் பரீட்சை ஹால்.

படி 4: பகலில் சோதனை

மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயையும் மூடி, மூச்சு இழுத்துப் பாருங்கள். பகலில் இது பழகிவிட்டால் கனவிலும் செய்து பார்ப்பீர்கள். அங்கே பெரும்பாலும் மூச்சு தாராளமாக வரும், அதை வைத்துக் கனவு என்று கண்டுபிடிக்கலாம். ஒரு நாளைக்கு ஆறேழு முறை போதும். ஆனால் ஒவ்வொரு முறையும் 'இது கனவாக இருக்குமோ' என்று உண்மையாகவே சந்தேகப்பட வேண்டும்.

படி 5: விடுமுறை நாளில் மட்டும் அலாரம்

மறுநாள் காலை வேலை எதுவும் இல்லாத இரவில்தான் இதைச் செய்ய வேண்டும். ஐந்து மணி நேரம் தூங்கியபின் எழுந்து, இருபது நிமிடம் மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து, கடைசிக் கனவை எழுதுங்கள். பிறகு படுத்து, 'அடுத்த முறை கனவு காணும்போது, இது கனவு என்று நினைவுக்கு வரும்' என்று சொல்லிக்கொண்டே, அந்தக் கனவுக்குள் விழித்துக்கொள்வதாக மனத்தில் ஓட்டிப் பாருங்கள். ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு செய்த ஸ்டீபன் லபெர்ஜ் வகுத்த முறை இது. அதன்பின் இரண்டு மணி நேரமாவது தூங்க வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் அலாரமே வைக்காதீர்கள்.

சில சமயம் விழிப்பு வந்தும் உடம்பு அசையாது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கும். அமுக்குவான் பேய் என்று ஊரில் சொல்வது இதைத்தான். தூக்கக் குறைவில் இது கூடுதலாக வரும். விரல் நுனியை அசைக்க முயலுங்கள், விலகிவிடும். இல்லாததைக் காண்பது, கேட்பது போன்ற மனநலத் தொந்தரவு முன்பு இருந்திருந்தால், மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பயிற்சியே வேண்டாம்.

படி 6: உள்ளே போனதும்

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை எனக்கு அதே பரீட்சை ஹால் வந்தது. மூக்கைப் பிடித்தேன், மூச்சு வந்தது. சந்தோஷத்தில் துள்ளினேன், உடனே விழிப்பு வந்துவிட்டது. அடுத்த முறை துள்ளாமல் இரண்டு உள்ளங்கையையும் தேய்த்தேன். சூடு தெரிந்தது. கேள்வித்தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போனேன், வெளியே கிணற்றடி இருந்தது.