சிக்னல் இருந்தும் வேகம் இல்லை: செக்டாரிலிருந்து ஹார்னுக்கு மாறிய அனுபவம்

தண்டையார்பேட்டையில் ஐந்து மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து சுற்றுப்புற வீடுகளுக்குக் கம்பியில்லா இணைய இணைப்பு தருகிறோம். அங்கே 5 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் எங்கள் 90 டிகிரி செக்டார் ஆண்டெனாவில் (விசிறிபோல் அகலமாக அலை பரப்புவது) சிக்னல் மைனஸ் 58 டிபிஎம் (அலையின் வலிமையைச் சொல்லும் அலகு; மைனஸ் எண் பெரிதானால் வலிமை குறைவு) என்று நன்றாகவே காட்டியும், மாலை ஏழு மணிக்கு மேல் இணைப்புகள் தவழ்ந்தன. சேனலை மாற்றினேன், உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்த கனெக்டர்களையும் மாற்றினேன், நான்கு நாள் வீணானதுதான் மிச்சம். அதே கம்பத்தில் எதிர்ப்பக்கம் பார்த்திருந்த எங்கள் இன்னொரு செக்டாரை அணைத்த மறுநொடி, இரைச்சல் அளவு, அதாவது சிக்னலைக் கெடுக்கும் வேண்டாத அலைகளின் வலிமை, மைனஸ் 79இலிருந்து மைனஸ் 94க்கு இறங்கியது. பக்கவாட்டிலும் பின்னாலும் கசிந்த அலைகளால் எங்கள் கருவிகளே ஒன்றையொன்று அமுக்கிக்கொண்டிருந்தன. பக்கக் கசிவு மிகக் குறைந்த 60 டிகிரி ஹார்ன் (புனல் வடிவ) ஆண்டெனாக்களைப் பொருத்தினேன். அலையை ஒரு திசையில் குவித்து வலுவாக்கும் திறன் (பெருக்கம்) இவற்றுக்குக் குறைவென்பதால் சிக்னல் மைனஸ் 64 ஆனது. வேகமோ அன்று மாலையே திரும்பிவிட்டது. வீடுகள் நெருங்கிய இப்பகுதிக்கு ஹார்னே பொருத்தம். மணலிப் பக்கம் தொலைவில் இருப்பவர்களுக்காக மட்டும் வேறொரு கட்டடத்தில் செக்டாரை வைத்திருக்கிறேன்.