கேப்சூல் எண்டோஸ்கோபிக்கு வருகிறீர்களா? முதலில் டானிக்கை நிறுத்துங்கள்

புதுச்சேரியில் எண்டோஸ்கோபி அறை நர்ஸ் நான். கடலூர், பண்ருட்டி, திண்டிவனம் என்று சுற்றுப்பக்கத்திலிருந்தெல்லாம் இந்தப் பரிசோதனைக்கு வருகிறார்கள். மேலிருந்து விடும் குழாயும் கீழிருந்து விடும் குழாயும் சிறுகுடலின் இரு முனைகளைத்தான் எட்டும். நடுப்பகுதியைப் பார்க்கத்தான் நீங்கள் விழுங்கும் 26 மில்லிமீட்டர் நீளமுள்ள இந்தக் கேமரா மாத்திரை, அதாவது கேப்சூல்.

குழாய் என்றால், அழுக்கு இருக்கும் இடத்தில் டாக்டர் தண்ணீர் அடிப்பார், உறிஞ்சுவார், பின்னால் இழுத்து மறுபடி பார்ப்பார். கேப்சூல் அப்படியில்லை. குடல் தள்ளுகிற போக்கில் போகும், எதிரே தெரிவதைப் படம் பிடிக்கும், அவ்வளவுதான். கழுவி வைக்கிற வேலை உங்களுடையது.

எங்கோ ரத்தம் கசிகிறது, இடம்தான் தெரியவில்லை என்று வருபவர்கள்தான் அதிகம். அதனால் பாதிப் பேர் கையில் இரும்புச்சத்து மாத்திரை இருக்கும். டாக்டரிடம் கேட்டு, ஒரு வாரம் முன்பே அதை நிறுத்த வேண்டும். இல்லையென்றால் குடல் சுவரெல்லாம் கறுப்பாக ஒட்டிக்கொண்டு, சின்னக் கசிவுப் புள்ளி அதற்கடியில் மறைந்துவிடும். “மாத்திரைய நிறுத்திட்டேன் சிஸ்டர், டானிக் மட்டும்தான் குடிக்கிறேன்” என்பார்கள். டானிக்கிலும் அதே இரும்புதான் அம்மா! பாட்டிலைக் கொண்டுவந்து காட்டிவிடுங்கள்.

முந்தின நாள் தண்ணீர், வடிகட்டிய சூப் போன்ற தெளிவான திரவம் மட்டும். பால், கூழ், பீட்ரூட் ஜூஸ் வேண்டாம். பலாப்பழ சீசனில் பண்ருட்டிக்காரர்களிடம் இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. பேதிமருந்துப் பொடியைப் பெரும்பாலும் 2 லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்வோம். பாதியில் ‘வயிறு காலியாகிவிட்டது’ என்று நிறுத்திவிடாதீர்கள். குளிரவைத்துக் குடித்தால் குமட்டல் குறையும். சிறுநீரகம், இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. கேப்சூலை விழுங்குவதற்குச் சற்று முன், நுரையை அடக்கும் சிமெத்திகோன் சொட்டு மருந்தை நாங்களே கொடுப்போம். அது இல்லாவிட்டால் திரை முழுக்கக் குமிழிதான்.

ரத்தப்போக்கு தெரிந்தால் 48 மணி நேரத்துக்குள் செய்வது நல்லது. ‘ஆடி போகட்டும்’ என்று தள்ளிப்போட்டால், கசிவு நின்று இடம் அகப்படாமலே போகலாம்.

விழுங்கியபின் படுக்காமல் மெதுவாக நடங்கள். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்குக் கேப்சூல் இரைப்பையிலேயே தங்கிவிடலாம். பேட்டரி தீர்வதற்குள் பெருங்குடலுக்குப் போய்ச் சேராமல் போகலாம். அதனால் ஒரு மணி நேரம் கழித்துத் திரையில் பார்ப்போம். இன்னும் இரைப்பையில்தான் என்றால் டாக்டர் மருந்து கொடுத்துத் தள்ளிவிடுவார். 2 மணி நேரத்துக்குப் பிறகு தண்ணீர், 4 மணி நேரத்துக்குப் பிறகு இரண்டு இட்லி.

குடல் காசநோய், க்ரோன் நோய் (நாள்பட்ட குடல் அழற்சி), வயிற்று ஆபரேஷன், வருடக்கணக்கில் மூட்டுவலி மாத்திரை, இதில் எது இருந்தாலும் முன்பே சொல்லுங்கள். குடல் சுருங்கியிருந்தால் கேப்சூல் சிக்கிக்கொள்ளும். சந்தேகமென்றால், கரையக்கூடிய சோதனைக் கேப்சூலை முதலில் கொடுத்துப் பார்ப்பார்கள்.

கேப்சூல் மலத்தோடு வெளியேறுவது நிறையப் பேருக்குத் தெரிவதே இல்லை. இரண்டு வாரமாகியும் போனதா என்று உறுதியில்லை என்றால் ஒரு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதுவரை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பக்கமே போகாதீர்கள்.